எல்லைக்கோடு – 11: பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வந்த அராட்டா

போன வாரம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். குழுப் பிரிவு ஆட்டத்தில் இந்தியா ஜப்பானை 2-0 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். அதைப் படித்துவிட்டுத் தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு வாசகர் என்னை மடக்கிவிட்டார். "அன்னைக்கு ஜப்பானை ஜெயிச்சோம்னு எழுதியிருக்கீங்க, சரி சார். அப்புறம் ஒரு ஜப்பான்காரரே வந்து நம்ம டீம்ல ஆடினாராமே? அவரை எப்படிச் சேர்த்துக்கிட்டாங்க?"

அவர் கேட்டது அராட்டா இசுமியைப் பற்றி. இந்தத் தொடரில் அவருக்கு ஒரு வாரம் ஒதுக்கத்தான் வேண்டும். எல்லைக்கோட்டில் நின்று ஆடிய இந்திய ஆட்டக்காரர்களில் அவரளவுக்கு விலை கொடுத்தவர் வேறு யாரும் என் நினைவில் இல்லை.

அவர் கதையைத் தளிப் பக்கத்து ஆட்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். நம்மில் பலருக்கு வீடு தமிழ்நாட்டில், வேலை கர்நாடகத்தின் ஜிகணியிலோ பொம்மசந்திராவிலோ. பெண் எடுத்தது ஆனேக்கல்லில், ரேஷன் கார்டு தளியில். வீட்டுக்குள் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம். ஆனால் நம் எல்லை மாநில எல்லை. கம்பெனி பஸ் காலையில் ஒரு தடவை, ஷிப்ட் முடிந்து ஒரு தடவை என்று அதைத் தாண்டிவிடும். யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நாட்டு எல்லை அந்தச் சலுகையைத் தருவதில்லை.

யமகுச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு

அராட்டா 1982 ஜூலை 31 அன்று ஜப்பானின் யமகுச்சி மாநிலத்தில் பிறந்தார். அம்மா ஜப்பானியர், அப்பா குஜராத்திலிருந்து போனவர். அதே 1982-ன் கடைசியில்தான் கசுயோஷி மியுரா என்ற பதினைந்து வயதுப் பையன் கால்பந்து கற்றுக்கொள்ள ஜப்பானிலிருந்து தனியாக பிரேசிலுக்குக் கிளம்பினான். உள்நாட்டில் தொழில்முறைக் கால்பந்தே இல்லாத காலம் அது. பந்தாட்டத்தைப் பிழைப்பாக்க நினைத்தவனுக்கு நாட்டை விட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

அராட்டா வளர வளர நிலைமை மாறியது. 1993 மே மாதம் ஜே-லீக் தொடங்கியபோது அவருக்குப் பத்து வயது. 1998-ல் ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியபோது பதினைந்து. அதற்குப் பிறகு ஒரு உலகக் கோப்பையையும் ஜப்பான் தவறவிடவில்லை. அந்தத் தலைமுறையில் ஆயிரக்கணக்கான பையன்கள் பந்தின் பின்னால் ஓடினார்கள். மேல்மட்ட அணிகளில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கீழ்மட்ட அணிகளுக்கோ, ஆசியாவின் மற்ற லீக்குகளுக்கோ போனார்கள்.

அப்படிப் போகிறவர்களுக்கு சிங்கப்பூரில் ஒரு வாசல் இருந்தது. அல்பிரெக்ஸ் நீகாட்டா என்ற ஜப்பானியக் கிளப் 2004-ல் சிங்கப்பூர் லீக்கில் தன் கிளை அணியை இறக்கியது. ஜப்பானிய இளைஞர்களே ஆடும் அணி, ஆனால் ஆடுவது வெளிநாட்டு லீக்கில். அராட்டா 2005-ல் அங்கே ஆடினார். 2006-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அவரைக் கூப்பிட்டது. 24 வயதில் அப்பாவின் நாட்டில் வந்து இறங்கினார், வெளிநாட்டு ஆட்டக்காரராக.

அடுத்த ஆண்டே மும்பையின் மஹிந்திரா யுனைடெட். 2009-லிருந்து புனே எஃப்சி. அவர் நடுக்களத்தில் ஆடுகிறவர், தேவைப்பட்டால் முன்களத்துக்கும் நகர்வார். புனேயில்தான் அவருடைய நல்ல ஆண்டுகள் கழிந்தன. தேசிய அளவிலான ஐ-லீக்கின் 2012-13 பருவத்தில் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்தபடியாக புனே இரண்டாம் இடம் பிடித்தது.

ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று

புனேயில் நன்றாக ஆடியவரை இந்திய அணிக்கு எடுத்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. அப்பா இந்தியர், ரத்தம் இந்திய ரத்தம், ஆட்டமும் இந்தியாவில். ஆனால் கையில் இருந்தது ஜப்பானிய பாஸ்போர்ட்.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜப்பான் சட்டமும் அப்படித்தான்: விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் ஜப்பானியக் குடியுரிமையை இழக்கிறார். இதற்கு மேல், இந்தியக் குடியுரிமை உள்ளவர் மட்டுமே இந்தியாவுக்காக ஆடலாம் என்று 2008-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் முடிவெடுத்தது. அதற்கு முன்பு சில விளையாட்டுகளில் இந்த விஷயத்தில் நெகிழ்வு இருந்தது. விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ் அமெரிக்கக் குடிமகனாக இருந்தபடியே டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். 2008 முடிவு அந்தக் கதவைச் சாத்தியது.

அராட்டாவுக்கு ஒரே வழிதான். ஜப்பானியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்தியராவது. 2012-ல் அதைச் செய்தார். இந்தியக் குடிமகனாக அவர் பெயர் நீல்காந்த் கம்போல்ஜா.

இதில் அவர் விட்டது என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு முன்கூட்டி விசா வாங்காமல் போகத்தக்க பாஸ்போர்ட் ஜப்பானுடையது. நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு சென்னையிலும் பெங்களூரிலும் தூதரகப் படியேறியவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பிறந்த நாட்டுக்கு, அம்மாவின் நாட்டுக்கு, இனி அவர் வெளிநாட்டவராகத்தான் போக வேண்டும். இவ்வளவையும் கொடுத்து அவர் வாங்கியது நீல நிற ஜெர்சி ஒன்று. வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியக் குடியுரிமை வாங்கித் தேசியக் கால்பந்து அணிக்கு ஆடிய முதல் ஆள் அவர்தான்.

2013 பிப்ரவரியில் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் முதன்முறை களமிறங்கினார். இந்தியா 2-4 என்று தோற்றது. அப்போது அவர் வயது 30. இந்தியாவுக்கு வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தியாவுக்காக அவர் ஆடியது மொத்தம் பத்து ஆட்டங்களுக்கும் குறைவு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு தேசிய அணிப் பக்கம் அவருக்கு வேலை இல்லாமல் போனது. கிளப் ஆட்டம் மட்டும் தொடர்ந்தது. 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஏலத்தில் அட்லெடிகோ டி கொல்கத்தா 68 லட்சம் ரூபாய்க்கு அவரை எடுத்தது. பிறகு எஃப்சி புனே சிட்டி. 2017-18 பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ். அத்தோடு ஆட்டக்காலம் முடிந்தது. பிறகு பயிற்சியாளராக மாறி, நவி மும்பையில் இயங்கும் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் பயிற்சிக் கூடத்தில் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

கோவைக்கு வந்த கட்சுமி

அராட்டாவோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொருவர் கட்சுமி யூசா. இவரும் ஜப்பானியர், இவரும் நடுக்கள ஆட்டக்காரர். ஆனால் பாஸ்போர்ட்டை மாற்றவில்லை. மாற்றும் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் இவருக்கு இந்தியப் பூர்விகம் கிடையாது.

கட்சுமி 2012-13 பருவத்தில் ஐ-லீக்கில் ஆடிய அணி ஓஎன்ஜிசி. எண்ணெய் எடுக்கும் பொதுத்துறை நிறுவனத்தின் அணி. அங்கிருந்து மோகன் பகானுக்குப் போனவர் கொல்கத்தாவின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். ஓயாமல் ஓடுகிறவர்களை கொல்கத்தா கூட்டம் எப்போதும் கொண்டாடும். கட்சுமி அந்த ரகம்.

2015 மே 31 அன்று பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் நடந்த ஆட்டம் ஓசூர்ப் பக்கத்துக் கால்பந்து ரசிகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ஐ-லீக்கின் கடைசி நாள். பெங்களூரு எஃப்சி வென்றால் கோப்பை அதற்கு. டிரா ஆனாலே போதும், மோகன் பகானுக்கு. ஜான் ஜான்சன் கோல் போட்டு பெங்களூரு முன்னால் போனது. ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்லோ ரசாக் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மோகன் பகான் தேசிய சாம்பியன். அந்த அணியின் நடுக்களத்தில் கட்சுமி இருந்தார். பிறகு அதே அணியின் கேப்டனும் ஆனார். நூறாண்டைத் தாண்டிய அந்தக் கிளப்பின் கேப்டன் பட்டை ஒரு ஜப்பானியரின் கையில்!

2016 ஐஎஸ்எல்லில் நார்த்ஈஸ்ட் யுனைடெட். 2017-ல் எதிர்முகாமான ஈஸ்ட் பெங்கால். அடுத்த பருவம் இம்பாலின் நெரோக்கா. 2019-ல் அவர் வந்து சேர்ந்த இடம் கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்சி என்று பெயர் இருந்தாலும் அந்த அணியின் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்தான். அதற்கு முந்தைய பருவத்தில், 2019 மார்ச் 9 அன்று, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையை வாங்கிய அணி அது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியிருந்தது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு விடியல் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

ஆள் வந்தார், ஊர் எங்கே?

இப்போது வாசகரின் கேள்விக்கு வருகிறேன். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். சேர்த்துக்கொண்டதால் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அராட்டாவால் இந்திய அணி பெரிதாகப் பயனடையவில்லை. காரணம் கேட்டால் வயதைச் சொல்வார்கள். முப்பது வயதில் வந்தவர் என்ன செய்ய முடியும் என்பார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஏனென்றால் ஜப்பானே இதற்கு எதிர் உதாரணம் வைத்திருக்கிறது.

ரூய் ராமோஸ் பிரேசிலில் பிறந்தவர். 1977-ல் இருபது வயதில் யோமியுரி அணிக்கு ஆட ஜப்பான் வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே ஆடி, 1989-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 1992-ல் ஹிரோஷிமாவில் ஜப்பான் முதன்முதலாக ஆசியக் கோப்பையை வென்றபோது அணியின் மூளையாக இருந்தவர் அவர். அப்போது அவர் வயது 35. இந்திய அணிக்கு வந்தபோது அராட்டாவுக்கு இருந்த வயதைவிட ஐந்து கூடுதல்!

வித்தியாசம் ஆளிடம் இல்லை. ராமோஸைச் சுற்றி ஒரு நாடே கால்பந்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. அராட்டாவைச் சுற்றி அணிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன.

பட்டியலைப் பாருங்கள். அராட்டா ஆடிய மஹிந்திரா யுனைடெட் 1962-ல் தொடங்கியது, ஐ-லீக்குக்கு முன்பிருந்த தேசிய லீக்கில் 2005-06 சாம்பியன். 2010-ல் நிறுவனம் அணியைக் கலைத்தது. அடுத்த ஆண்டு பக்வாராவின் ஜேசிடி ஆலை அணி போனது. தேசிய லீக்கின் முதல் சாம்பியனே அதுதான். அராட்டாவின் புனே எஃப்சி 2014-15 பருவத்தோடு ஐ-லீக்கிலிருந்து மறைந்தது. பெங்களூரில் எச்ஏஎல்லும் ஐடிஐயும் ஒரு காலத்தில் தேசிய லீக் வரைக்கும் போன தொழிற்சாலை அணிகள். சென்னையில் இந்தியன் வங்கி அணியும் தேசிய லீக்கில் ஆடியிருக்கிறது. இன்று அந்த மட்டத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

கம்பெனி அணிகளை நம்பியதுதான் தப்பா என்றால், ஜப்பானும் கம்பெனி அணிகளில்தான் தொடங்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு, 1965-ல், எட்டு அணிகளோடு ஜப்பான் தன் முதல் தேசிய லீக்கைத் தொடங்கியது. ஃபுருகாவா எலக்ட்ரிக், ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, யான்மார் டீசல், யாவாட்டா ஸ்டீல் என்று எல்லாம் ஆலைப் பெயர்கள். ஆட்டக்காரர்கள் ஆலை ஊழியர்கள். யான்மாரின் குனிஷிகே கமமோட்டோ 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் 7 கோல் அடித்து முதலிடம் பிடித்தார், ஜப்பான் வெண்கலம் வாங்கியது. ஃபுருகாவா எலக்ட்ரிக்கின் யசுஹிக்கோ ஒகுதேரா 1977-ல் ஜெர்மனியின் கொலோன் அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே சாம்பியன் அணியில் இருந்தார்.

1993-ல் ஜே-லீக் வந்தபோது நிர்வாகம் ஒரு கண்டிப்பான நிபந்தனை போட்டது. அணிக்கு ஊரின் பெயர் வேண்டும், கம்பெனியின் பெயர் கூடாது. மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது. ஹிட்டாச்சி கஷிவா ரெய்சோல் ஆனது. மஸ்டா சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா ஆனது. கம்பெனி பணம் போட்டது, ஊர் சொந்தம் கொண்டாடியது. கம்பெனிக்கு ஒரு ஆண்டு லாபம் குறைந்தாலும், சட்டென்று அணியைக் கலைத்துவிட முடியாதபடி ஊர்க்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

நம்மிடம் நடந்தது இதற்கு நேர் எதிர். கம்பெனி தொடங்கியது, கம்பெனி மூடியது. நடுவில் ஊருக்கு எந்தப் பங்கும் இல்லை. கேட்க நாதியில்லாத அணியை மூடுவதற்கு ஒரு போர்டு மீட்டிங் போதும்.

ஒரு இரும்பாலை ஊர்

ஓசூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. பெயர் கஷிமா. டோக்கியோவுக்குக் கிழக்கே கடலோரத்தில், சுமிடோமோ மெட்டல் இரும்பாலையைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். சம்பளம் இருந்தது, மற்றபடி இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கு எதுவும் இருக்கவில்லை. வேலைக்கு வந்தவர்கள் நிற்கவில்லை.

ஆலையின் கால்பந்து அணியை ஜே-லீக்கில் சேர்க்கக் கேட்டார்கள். அணி அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. லீக்கின் தலைவர் சபுரோ கவாபுச்சி, நீங்கள் சேர்வதற்கு 99.9999 சதவிகிதம் வாய்ப்பில்லை என்றார். பதினைந்தாயிரம் பேர் உட்காரும், கூரை போட்ட மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்றும் சொன்னார். மறுப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். கஷிமாக்காரர்கள் மாநில நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்து மைதானத்தைக் கட்டிவிட்டார்கள்! 1991-ல் பிரேசிலின் சீக்கோ அந்த ஆலை அணிக்கு ஆட வந்தார். 1993 மே 16 அன்று கஷிமா ஆன்ட்லர்ஸ் தன் முதல் ஜே-லீக் ஆட்டத்தில் நகோயாவை 5-0 என்று வென்றது. நாற்பது வயது சீக்கோ மூன்று கோல் போட்டார். பின்னாளில் ஜே-லீக்கின் மிக அதிக வெற்றி பெற்ற அணி கஷிமாதான். 2016 கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றது. 2018-ல் ஆசிய சாம்பியன்.

ஓசூருக்கு ஜப்பானிடமிருந்து கற்றுக்கொள்வது புதிதல்ல. 1984-ல் இந்த ஊரிலிருந்துதான் டிவிஎஸ்-சுசுகி கூட்டில் 100 சிசி பைக் வெளிவந்தது. 2001-ல் டிவிஎஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. பிரிந்த அதே ஆண்டில் டிவிஎஸ் தன் சொந்தத் தயாரிப்பான விக்டர் பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜப்பான் இன்ஜினை வாங்கிப் பொருத்தியதோடு ஓசூர் நிற்கவில்லை. கற்றுக்கொள்ளப் பட்டறை இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், அதனால் சொந்த இன்ஜின் வந்தது. கால்பந்தில் நாம் பட்டறை கட்டாமல் இன்ஜினை மட்டும் இறக்குமதி செய்யப் பார்த்தோம்.

இன்னும் பார்க்கிறோம். 2025-ல் பெங்களூரு எஃப்சியின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை பெற்றார். அவருடைய தாய்வழித் தாத்தா சந்தோஷ் டிராபியில் பம்பாய்க்கு ஆடியவர். வரட்டும், நல்லது. ஆனால் அதே 2025-ல்தான் ஐஎஸ்எல் குறித்த காலத்தில் தொடங்க முடியாமல் முடங்கிக் கிடந்தது. விருந்தாளி பெட்டி படுக்கையோடு வரும்போது வீட்டு உரிமையாளர்கள் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

திறமைக்கு நம் வட்டாரம் ஏங்கியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். 1960 ரோமில் பெருவுக்கு எதிராக, இன்று வரைக்கும் இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலாக நிற்கும் கோலைப் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதமபுராவில் தமிழ்க் குடும்பங்கள் தெருமுனையில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன்கள்.

ஓசூர் 2019-லிருந்து மாநகராட்சி. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் இங்கே வேர் விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தளி என்றால் ரோஜா, கொய்மலர், கேழ்வரகு, யானை என்று இருந்த தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை நிற்கிறது. ஐஎஸ்எல்லில் ஓசூர் பெயரில் அணி இல்லை, ஐ-லீக்கிலும் இல்லை.

டாடா ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். ஜார்க்கண்ட் எப்படிப்பட்ட மாநிலம்? 2022-ல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இந்திய அணியின் கேப்டன் அஷ்டம் ஓரான் அந்த மாநிலத்து கும்லா மாவட்டத்துப் பெண். கிராமத்து மைதானங்களில் பெண்பிள்ளைகள் பந்து உதைத்து வளரும் மாநிலம். அங்கிருந்து வந்த பெண்களுக்கு இங்கே ஷிப்ட் இருக்கிறது, விடுதி இருக்கிறது, பஸ் இருக்கிறது. மாலையில் இறங்கி ஆட ஒரு மைதானமும் வேண்டும்.

டாடா குழுமத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஜாம்ஷெட்பூர் இரும்பாலை ஊரில் அவர்கள் 1987-லேயே கால்பந்து அகாடமி தொடங்கினார்கள். இன்று ஜாம்ஷெட்பூர் எஃப்சி ஊரின் பெயரில் ஐஎஸ்எல்லில் ஆடுகிறது, 2021-22 பருவத்தில் லீக் கேடயத்தை வென்றது. இந்தியாவின் கஷிமா அதுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுகளுக்கான பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் எழுதப்பட்டிருக்கின்றன. யாரிடமும் தர்மம் கேட்க வேண்டியதில்லை. ஏற்கெனவே செலவிட வேண்டிய பணத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கிறோம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டார ஆலை நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் மாநகராட்சிக்கும் என் வேண்டுகோள் இது. முதலில் ஆலைகளுக்கிடையே ஒரு லீக் நடத்துங்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப அட்டவணை போடுங்கள். தளி, அஞ்செட்டி, கெலமங்கலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் அந்த மைதானங்களைத் திறந்துவிடுங்கள். நாளைக்கு ஓர் அணி உருவானால் அதற்கு எந்தக் கம்பெனியின் பெயரையும் வைக்காதீர்கள். ஊரின் பெயரை வையுங்கள். அப்போதுதான் மூட வரும்போது கேட்க ஆள் இருக்கும்.

அராட்டா தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று காத்திருக்க நமக்கு உரிமை இல்லை. நம் பிள்ளைகளுக்கு மைதானம் கொடுத்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

(தொடரும்)